வேரோடு போன பாலக்கீரை

திருவான்மியூர் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டில், மேல்மாடியில் குடியிருந்தாள் அன்வரி பேகம். மொட்டைமாடியில் அவள் போட்ட கொத்தமல்லியும் வெந்தயமும் முளைத்த வேகத்திலேயே கருகின. போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. கடைசியில் பாலக்கீரை விதைத்தாள். அது உப்பைச் சட்டையே செய்யவில்லை. கீழ்வீட்டில் இருந்த, மீன் விற்கும் ஜெசிந்தா கழுவிக் கொடுத்த எட்டு தெர்மகோல் பெட்டிகளிலும் ஒரே மாதத்தில் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து நின்றன.

அந்தச் சமயத்தில் ஆம்பூரில் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். ஜெசிந்தாவிடம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கீரை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளவும் சொல்லிவிட்டு அன்வரி கிளம்பினாள்.

ஜெசிந்தா மார்க்கெட்டில் பார்த்த கீரைக்கட்டெல்லாம் வேரோடுதான் இருக்கும். இலை முற்றிவிடுமே என்று எட்டுப் பெட்டியையும் பிடுங்கி, வேரை நறுக்கி, கட்டுக் கட்டி வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். பெரிய கட்டு ஒன்றை அன்வரியின் கதவருகே வைத்தாள்.

ஞாயிறு மாலை அன்வரி வந்தபோது, நடு மாடியில் குடியிருந்த சாய்நாத் கீரை பிரமாதம் என்று படியிலேயே மறித்துச் சொன்னார். மேலே போய்ப் பார்த்தால் வெறும் மண். கீழே இறங்கி வந்தாள்.

"ஜெசிந்தா, வேரெல்லாம் எங்கே?"

"அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது பாயம்மா? குப்பைல போட்டுட்டேன்."

பாலக்கை மண்ணுக்கு இரண்டு விரல் மேலே அறுத்தால் திரும்பத் தழைக்கும், ஐந்தாறு தடவை அறுக்கலாம் என்று அன்வரி மெதுவாகச் சொன்னாள். ஜெசிந்தா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்வரி இரண்டு நாள் பேசவில்லை. கதவருகே இருந்த கீரையைக் கறியோடு சேர்த்துச் சமைத்தாள். ருசி அபாரமாக இருந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

செவ்வாய்க்கிழமை வியாபாரம் முடிந்ததும் ஜெசிந்தா மயிலாப்பூருக்கு பஸ் ஏறி விதை வாங்கி வந்தாள். ஊறவைத்து, எட்டுப் பெட்டியிலும் அவளே தூவினாள். நெருக்கமாகத் தூவியிருக்கிறாள் என்று குறை சொல்வதற்காக அன்வரி வாயைத் திறக்க, பேச்சு பழையபடி தொடங்கிவிட்டது.

ஒரு மாதம் கழித்து முதல் அறுப்பு. வஞ்சிரத் தலையைப் பார்க்காமலே துண்டாக்குகிற ஜெசிந்தாவுக்குக் கீரைத்தண்டின் முன்னால் கை தயங்கியது. இவ்வளவு விட்டால் போதுமா என்று தண்டுக்குத் தண்டு கேட்டாள். அன்வரி சலிக்காமல் தலையாட்டினாள்.

நாலாம் நாள் விடிந்தும் விடியாமல் அன்வரியின் கதவு தட்டப்பட்டது.

"பாயம்மா, மேல வந்து பாரேன். அறுத்த எடத்துலயே தளிரு வுட்டுக்கினு கீது."

துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அன்வரி அவள் பின்னாலேயே படியேறினாள்.