ஜூலை ஒன்று

குதைபாவின் காதுமடல் சிவந்ததைப் பார்த்ததும் இப்திஹாலுக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

பஸ்ரா நகரத்தின் இரண்டு மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களை இணையம் வழியே பரிமாறிக்கொள்ள ஏற்பாடு செய்வதற்கென்று வெளிநாட்டு நகரமான அம்மானிலிருந்து வரவழைக்கப்பட்டவன் அவன். எதற்கெடுத்தாலும் 'உலகத் தரம்' என்பான். முதல் கூட்டத்திலேயே, இங்கே பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் இவளைக் காட்டி, "இவங்களுக்கு இது புரியவே ஒரு வருஷம் ஆகும்" என்று இயக்குநரிடம் சிரித்தவன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என்று விதி எழுதினான். பிறந்த நாள் தெரியாத இந்த ஊர்க் கிழடுகளுக்கெல்லாம் அரசாங்கம் ஜூலை ஒன்று என்றே போட்டுவைத்திருக்கிறது. இப்திஹாலின் அப்பாவுக்கும் அதுதான். அவள் வாயைத் திறக்கவில்லை. மூக்குடைபடட்டும் என்று விட்டுவிட்டாள். இன்று காலை, தகப்பன் பெயரும் ஒன்றாயிருந்த ஃபக்ரியா என்ற இரண்டு கிழவிகள் கணினியில் ஒரே ஆளாகிப்போனார்கள்.

"ஒரு ஊர்ல எல்லாருமா ஒரே நாள்ல பொறப்பாங்க?" என்று கத்தினான் குதைபா.

"பொறந்தோம். உங்களுக்கென்ன?"

"தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"நீங்க கேட்டீங்களா? எங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

சொல்லும்போது நாக்கு இனித்தது. கதவருகே ஒருவன் நிற்பதை அப்போதுதான் கண்டாள். கையில் ஒரு கிழவியின் செருப்பு.

"எங்கம்மா ஃபக்ரியாவுக்குப் பென்சிலின் ஆகாது. அந்த ஆஸ்பத்திரில பதிஞ்சு வெச்சிருக்கு. இங்க கம்ப்யூட்டர்ல இன்னொரு ஃபக்ரியாவோட விவரத்தப் பாத்து, ஒண்ணுமில்லன்னு பென்சிலின் ஊசி போட்டுட்டாங்க. மூஞ்சி வீங்கி, மூச்சு விட முடியாம கெடக்கு. யாரு செஞ்சது? பேரச் சொல்லுங்க. எங்க குலத்து ஆளுங்களோட வரணும்."

குலம் வந்தால் நஷ்ட ஈடு கேட்கும். பேச்சு முற்றினால் துப்பாக்கி பேசும். அதெல்லாம் குதைபாவுக்குத் தெரியாது. நெஞ்சில் கைவைத்து எழுந்தான். "விதிய எழுதினது நான்தாங்க. தப்பு என்னோடது."

தன் பங்குப் பழியையும் அவனே ஏற்றுக்கொண்டதால், இப்திஹால் அவனை அவ்வளவு வெறுத்தது அந்த நொடியில்தான்.

வந்தவன் குதைபா பக்கம் திரும்பவே இல்லை. "இவரு வெளியூரு. வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டேன். தங்கச்சி, நீ சொல்லு. உங்கப்பா என்னைக்குப் பொறந்தாரு?"

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். திரையில் ஒரே பெயரின் கீழ் இரண்டு கிழவிகளும் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தார்கள். அவன் அம்மாவின் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.