மூன்றாவது கேள்வி

எங்கள் ஆராய்ச்சி மையத்தைக் கட்டும்போது துறைக்கு ஓர் அறை என்றுதான் திட்டம் போட்டிருந்தார்கள். கட்டி முடித்த பிறகு ஒரே ஓர் அறையில்தான் மின்விசிறி சுற்றியது. தருமபுரி வெயிலில் மற்றது தானாக நடந்தது. எல்லாத் துறை ஆராய்ச்சி மாணவர்களும் அந்த ஓர் அறைக்குக் குடிவந்து சேர்ந்தோம்.

சன்னலோரம் விலங்கியல் முருகேஷ். ஏரியூர்ப் பக்கத்துக் குட்டைகளில் நத்தை எண்ணுகிறான். அவனுக்கு அடுத்து தமிழ்த் துறை சசிகலா. மாவட்டத்தில் ஓடும் தனியார் பேருந்துகளின் பெயர்களை ஆராய்கிறாள். சாமி பெயர்கள் ஓர் இயல், முதலாளியின் பிள்ளைகள் பெயர்கள் ஓர் இயல். கதவோரம் ஆங்கிலத் துறை மாரியப்பன். கனடா நாட்டு நாவல்களில் பனிப்பொழிவு. அவன் நேரில் பார்த்த பனி, முருகேஷ் நத்தை வைத்திருக்கும் குளிர்பெட்டியின் மேல்தட்டில் படிந்ததுதான். நான் வணிகவியல். கம்பைநல்லூர் வியாபாரிகள் கைப்பேசியில் பணம் வாங்கும்போது மனதுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது என் தலைப்பு. இவன் எப்போது கடையை விட்டு இறங்குவான் என்று நினைக்கிறார்கள். இதுவரை கிடைத்த முடிவு அவ்வளவுதான்.

மூன்று வருடமாக ஒரே மின்விசிறியின் கீழ் இருந்தோம். ஒருவர் ஆய்வைப் பற்றி இன்னொருவர் கேட்டதே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்ற பயம்தான்.

ஐந்தாவது மேசை ரேவதி அக்காவுடையது. இயற்பியல். சொந்த ஊர் சித்தேரி மலையில் ஒரு சிற்றூர். அக்கா சேர வந்த நாளில் மையத்தில் ஒரு திருவிழாவே நடந்ததாம். மலையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றதும் தாவரவியல்காரர் மூலிகை பண்ணலாமே என்று வந்தார். தமிழ்த் துறை நடவுப் பாட்டைக் கேட்டது. பொருளியல், வீட்டு வருமானம் பற்றிப் பேச நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. உணவியல் அம்மையார் சாமையைப் பற்றிச் சொன்னார், கூடவே ரத்தமும் கொஞ்சம் கேட்டார். அக்கா எல்லோருக்கும் சரிங்க, சரிங்க என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாத இயற்பியல் துறைக்குள் போய் நிர்மலாதேவி மேடத்தை வழிகாட்டியாக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

அதன் ஆய்வு, கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளீய ஆக்சைடை மெல்லிய படலமாகப் படியவைப்பது. அம்மோனியா வாயு பக்கத்தில் வந்தால் அந்தப் படலத்தின் மின்தடை மாறும். அதை வைத்து வாயு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். இவ்வளவு தெளிவாக நான் சொல்வதற்குக் காரணம் வாய்மொழித் தேர்வு நாள். அதற்கு முன்னால், அக்கா கண்ணாடி துடைக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முனைவர் பட்டத்துக்கு அந்த வாய்மொழித் தேர்வுதான் கடைசிப் படி. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும், பொதுமக்களும் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. பொதுமக்கள் என்றால் நாங்கள்தான். எந்தத் துறைத் தேர்வானாலும் போவோம். முந்தின நாளே கேள்வி கைக்கு வந்துவிடும். எழுந்து கேட்போம், பதிலுக்குத் தலையாட்டுவோம், பிறகு சாப்பாடு. விலங்கியலில் நான் ரத்த அணுக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். முருகேஷ் சரக்கு சேவை வரி பற்றி மிகுந்த கவலையோடு கேட்டிருக்கிறான்.

ஆனால் அக்காவுக்குத் தேர்வாளராக வந்த பேராசிரியர் மாதவராஜ் வேறு மாதிரி ஆள் என்று பேச்சு. வேறொரு ஊரில், கூட்டத்தில் எல்லோரும் சொல்லிக்கொடுத்த கேள்வியையே கேட்கிறார்கள் என்று தேர்வையே தள்ளிவைத்துவிட்டுப் போனவர். இங்கே தள்ளிவைத்தால் கதை முடிந்தது. அடுத்த வாரம் அவர் ஆறு மாதத்துக்கு ஜெர்மனி போகிறார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரி, அக்காவுக்கு உதவிப் பேராசிரியர் வேலையைத் திங்கட்கிழமை வரைதான் பிடித்து வைத்திருந்தது. தேர்வு முடிந்தது என்ற சான்று இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். இதெல்லாம் போதாதென்று, மேடத்தைத் தவிர இயற்பியல் துறை மொத்தமும் அன்றைக்குத் தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா என் மேசைக்கு வந்தது.

"பூவரசா, இதுல அஞ்சு கேள்வி இருக்குது. ஆளுக்கொண்ணு பிரிச்சுக் குடுத்துரு. ஒரே மாதிரி இருக்கக் கூடாதுடா."

நான் பொறுப்பான ஆள். ஐந்தையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கருத்தரங்கக் கூடத்தில் நாங்கள் நால்வரும் முன்வரிசை. கடைசி வரிசையில் அக்காவின் அப்பா காளியன், வெள்ளைச் சட்டையில், முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முதல் பேருந்தைப் பிடித்து மலையிறங்கி வந்திருந்தார். ஆட்டுக்கு ஆள் வேண்டும் என்று அம்மா வரவில்லை. கையெழுத்துப் போடும் தாளை நான் நீட்டியபோது, வீட்டில் எத்தனை பேர், சொந்த நிலமா, கழிப்பறை உண்டா என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். மலைக்கு வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அப்படிப் பழக்கியிருந்தார்கள். அதெல்லாம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றேன். இவன் வேலை தெரியாதவன் போலிருக்கிறது என்ற மாதிரி என்னைப் பார்த்தார்.

மாதவராஜ் வந்தார். தன் ஊர் கும்பகோணம் என்பதில் தொடங்கி, அங்கிருந்து படிக பௌதிகம் படிக்கப் போன வரலாற்றைச் சொல்லி முடித்து, ஆரம்பிக்கலாம் என்றார். அக்கா ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தது. தப்பில்லாமல்தான் சொன்னது, ஆனால் படியிலிருந்து தகர டப்பா உருண்டு இறங்குகிற மாதிரி இருந்தது. மாதவராஜ் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் தலையைத் தூக்காமலே, பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார்.

முருகேஷ் எழுந்து, இந்த ஆய்வின் எதிர்காலப் பயன் என்ன என்று கேட்டான். மூன்றாவது கேள்வி. அக்கா பதில் சொன்னது. முருகேஷ் தலையாட்டினான்.

அடுத்து சசிகலா எழுந்தாள். வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அவளும் மூன்றாவதைத்தான் படித்திருக்கிறாள். நான் மாரியப்பனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஐந்தில் மூன்றாவதுதான் ஆகச் சின்னக் கேள்வி. நானும் அதைத்தான் படித்திருந்தேன்.

மாதவராஜ் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "கேளும்மா. கேள்வி மறந்துபோச்சா?"

நிர்மலாதேவி மேடம் பேனாவை மூடினார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சசிகலா மூன்று வருடமாகப் பேருந்து நிலையத்தில் நின்று ஓட்டுநர்களிடம் கேட்டது ஒரே கேள்வி. வேறு வழியில்லாமல் அதுவே வாயில் வந்தது. "அந்தக் கண்ணாடிக்கெல்லாம் நீங்க பேரு வெச்சிருக்கீங்களா?"

அக்காவுக்கு இதற்கு மனப்பாடம் இல்லை. அதனால் தமிழில் பேசியது.

"ஆய்வேட்டுல எஸ் ஒண்ணு, எஸ் ரெண்டுன்னுதாங்க இருக்குது. லேப்ல ஒண்ணுக்கு மட்டும் மாதம்மாள்னு பேரு. அது எங்கம்மா பேரு."

காளியன் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வூட்டுல கருவாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சா எங்கம்மா எங்க வூட்டுல இருந்துக்கிட்டே சொல்லிரும். அந்தப் படலமும் அப்படித்தாங்க. அடுத்த ரூம்புல அம்மோனியா பாட்டில் மூடியத் தொறந்தாலே காட்டிக் குடுத்துரும். மத்ததெல்லாம் பக்கத்துல கொண்டுபோய்க் காட்டினாத்தான் அசையும்."

மாதவராஜ் முதல்முறையாக ஆய்வேட்டைத் திறந்து எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா சொன்னது. அவர் படிக்க ஆரம்பித்தார். அதற்குள் மாரியப்பன், இனி என் முறை என்று தானாகவே எழுந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்தது பனி ஒன்றுதான். பயங்கரக் குளிராக இருந்தால் இது வேலை செய்யுமா என்று கேட்டான்.

நிர்மலாதேவி மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஆய்வில் யாரும் தொடக் கூடாத இடம் அதுதான் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"செய்யாதுங்க," என்றது அக்கா. "சூடு பண்ணிக்கிட்டே இருக்கோணும். ஈரக்காத்து அடிச்சாலும் பொய் சொல்லும், அம்மோனியா இல்லாமயே இருக்குதுன்னு காட்டும். ஒரு வருசம் அந்தப் பொய்ய நம்பித்தாங்க அளந்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் எல்லாத்தையும் திரும்ப அளந்தேன்."

"பொய்யை எப்படிப் பிரிச்சீங்க?" என்றார் மாதவராஜ். அன்றைக்கு அவர் கேட்ட முதல் உண்மையான கேள்வி.

பக்கத்திலேயே ஈரத்துக்கு மட்டும் அசைகிற இன்னொரு படலத்தை வைத்து, அது காட்டுவதை இதிலிருந்து கழித்துவிட்டதாக அக்கா சொன்னது. பலகைக்குப் போய்ப் படம் வரைந்தது. மாதவராஜும் எழுந்து பலகைக்குப் போனார். அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரே சுண்ணக்கட்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு எங்களுக்குப் புரியாத எதையோ எழுதி அழித்தார்கள். எங்களுக்குப் பசித்தது. ஆனாலும் ரேவதி அக்கா இவ்வளவு பேசும் என்று மூன்று வருடத்தில் எங்களுக்குத் தெரியாது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் மாதவராஜ் தன் நாற்காலிக்குத் திரும்பி, கையிலிருந்த சுண்ணத் தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரிம்மா. நீங்க சித்தேரின்னு மேடம் சொன்னாங்க. அங்க சாமை இருக்கு, தேன் இருக்கு, மூலிகை இருக்கு. உங்க மலைக்குப் பிரயோசனமா அதுல ஏதாவது பண்ணியிருக்கலாமே. ஏன் இது?"

வேண்டுமென்றே குத்திய கேள்வி இல்லை, அன்பாகத்தான் கேட்டார். முன்பு நாற்காலியை இழுத்துப் போட்டவர்களும் அன்பாகத்தான் கேட்டிருப்பார்கள்.

அக்கா சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தது.

"சார் கும்பகோணமுங்களே," என்றது. "நீங்க வெத்தலையில ஆராய்ச்சி பண்ணலீங்களே சார்."

நிர்மலாதேவி மேடம் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரி, திங்கட்கிழமை, ஜெர்மனி எல்லாம் என் கண் முன்னால் வரிசையாகப் போயின. அக்கா தலையைக் குனியவில்லை.

மாதவராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கப்பாவுக்கு வெத்தலைக் கொடிக்கால்தான்," என்றார். "அவரும் சாகிற வரைக்கும் இதைத்தான் கேட்டார். வெத்தலைக்கு ஏதாவது பண்ணேண்டா, அந்தக் கல்லுல என்னடா இருக்குன்னு. படிகத்தைக் கல்லுன்னுதான் சொல்லுவார்."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"பதில் சொல்லத் தெரியல. உங்களை மாதிரி எங்கப்பா முன்னாடி நின்னு திருப்பிக் கேட்டிருக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார். "உங்கப்பா வந்திருக்காரா?"

காளியன் எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் வீட்டில் மூன்று பேர், நிலம் ஒன்றரை ஏக்கர் என்று ஆரம்பித்தார். மாதவராஜ் கையமர்த்தினார்.

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலீங்க. நீங்கதான் கேக்கணும். பொதுமக்கள்ல யார் வேணும்னாலும் கேக்கலாம்."

காளியனுக்கு அது பழக்கமில்லை. மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பலகையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதோட முடிஞ்சுதுங்களா," என்றார், "இல்ல இன்னும் படிக்கோணுமுங்களா?"

மாதவராஜ் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு காளியனைப் பார்த்து, "முடிஞ்சுதுங்க," என்றார். அக்கா அதுவரை அழவில்லை. இந்த ஒற்றைச் சொல்லுக்கு அழுதது.

சாப்பாடு மையத்தின் வராந்தாவில். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும். வழக்கமாக வாய்மொழித் தேர்வுச் சாப்பாட்டில் நாங்கள் மும்முரமாக இருப்போம், பேச மாட்டோம். அன்றைக்கு முருகேஷுக்குப் பக்கத்தில் காளியன் வந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்க அனுமதி கிடைத்த ருசி அவருக்கு இன்னும் போகவில்லை போல.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"நத்தைங்கப்பா."

"நத்தைய என்ன பண்ணுவீங்க?"

"எண்ணுவேங்கப்பா."

காளியன் ஒரு வாய் சாப்பிட்டார். "எதுக்குங்க எண்ணுறீங்க?"

முருகேஷ் கையில் எடுத்த சாதத்தை இலையில் திரும்ப வைத்தான். மூன்று வருடத்தில் அவன் வழிகாட்டிகூட அதை அவனிடம் கேட்டதில்லை. கேட்கிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா என்று காளியன் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். குட்டை நீரிலிருந்து ஆரம்பித்தான். எந்த நத்தை எந்தச் சேற்றில் இருக்கும், எது இருந்தால் தண்ணீர் நல்லது, எது காணாமல் போனால் பக்கத்து வயலில் என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. சசிகலா இலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாரியப்பன் தயிர் சாதத்தை மறந்துவிட்டு, குட்டை காய்ந்தால் அது என்ன ஆகும் என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் படுத்துக்கிடக்கும், மழை வந்தால் எழுந்து வரும் என்றான் முருகேஷ்.

ரேவதி அக்கா வாசலில் நின்று, அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றது.

"இரு பாப்பா," என்றார் காளியன். "தம்பி இன்னும் முடிக்கல."