கோட்டுக்கு வெளியே ஒரு குரல்

வெண்டலின் முழங்காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், அவன் வாய்க்கும் சேர்த்து ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம். மூன்று வருடமாக ஆல்டர்ஃபோர்ட் கல்லூரி லக்ரோஸ் அணியின் தடுப்பாட்டத்துக்கு அவன்தான் குரல். நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தை ஏந்திக்கொண்டு ஓடிக் கோல் போடுகிற ஆட்டம் அது. பந்தோடு ஒருவன் தன்னைத் தடுப்பவனைத் தாண்டி கோலை நோக்கி வந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவன் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்குப் பாய வேண்டும். பாய்ந்தால், விட்டுவந்த ஆள் கேட்பாரற்று நிற்பான். பாயாவிட்டால், வந்தவன் அடித்துவிடுவான். 'போ' என்பதா 'நில்லு' என்பதா என்று கண்ணிமைப்பதற்குள் முடிவு செய்து ஒருவன் கத்த வேண்டும். ஒருவன்தான் கத்த வேண்டும். இரண்டு பேர் கத்தினால் குடி கெட்டது.

அந்த ஒருவன் இப்போது தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மே மாதம் என்றுதான் பேர், குளிர் எலும்பைக் கடித்தது. பக்கத்தில் வலது கையில் மாவுக்கட்டோடு லீலண்ட்.

உண்மையைச் சொன்னால் எல்லா வினையும் லீலண்டின் மணிக்கட்டில்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்தை மைதானத்தின் நடுவில் வைத்து, பக்கத்துக்கு ஒருவன் எதிரெதிரே குந்தி, விசில் ஊதியதும் அதற்காக மல்லுக்கட்டுவார்கள். அதுதான் ஃபேஸ்ஆஃப். பிடுங்கியவன் அணிக்குப் பந்து. லீலண்ட் அதில் எமகாதகன், பத்துக்கு ஏழு பிடுங்குவான். ஏப்ரலில் அவன் மணிக்கட்டு ஒடிந்தது. அவனுக்குப் பதிலாக வந்த கார்வர் முதல் வருடப் பையன். பத்துக்கு மூன்று பிடுங்கினால் கையெடுத்துக் கும்பிடலாம். முன்னால் இருப்பவர்கள் கோல் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள், திரும்பிப் பார்த்தால் பந்து மறுபடி எதிராளி கையில். பின்னால் இருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்படி ஓடி ஓடித் துவண்ட காலோடு ஒரு ஆட்டத்தில் வெண்டல் சட்டென்று திரும்பினான். முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது அவன் காதுக்கே கேட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள். அணிகளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

அவன் இடத்துக்கு வந்தவன் டோபின். வெண்டலின் அறைத்தோழன். சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்கக்கூட யோசிக்கிற பிள்ளை. அவனைப் போய்க் குரலாக வைத்தார் கோச் ப்ரண்டேஜ்.

இன்று அரையிறுதி. எதிரே கில்போர்ன். தோற்றால் இந்த வருடம் முடிந்தது, வெண்டலுக்கு லக்ரோஸே முடிந்தது. கடைசி வருடம் அவனுக்கு.

அதனால் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். ஆனால் மனசு இருக்கிறதே, அது ஒரு கேடுகெட்ட சாமான். இரண்டாம் பாதியில் டோபின் ஒருவன் மட்டையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தபோது கூட்டம் "டோபின்! டோபின்!" என்று எழுந்து நின்றது. வெண்டலும் கை தட்டினான். மற்றவர்கள் நிறுத்துவதற்கு முன்பே நிறுத்திவிட்டான்.

"பய நல்லாத்தான் கத்துறான்ல?" என்றான் லீலண்ட்.

"ம்."

"என்ன ம்? மூஞ்சியப் பாரு, புளியங்காயக் கடிச்ச மாதிரி. இந்தா மச்சி, நானும்தான் கார்வரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் தோக்குறான், பாவமா இருக்கு. ஒரு தடவ ஜெயிச்சான் பாரு, அப்பத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

வெண்டலுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. லீலண்ட் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், அவனுக்கு அதோடு தீர்ந்தது. தனக்கு அப்படித் தீரவில்லையே.

கடைசிக் கால் பகுதி. ஆல்டர்ஃபோர்ட் ஒரு கோல் முன்னால் இருந்தது. கார்வர் மறுபடி தோற்றான், பந்து மறுபடி கில்போர்னுக்கு. தடுப்பாட்டக்காரர்கள் தொடையில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கில்போர்ன்காரன் ஒருவன் கோலுக்குப் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு வந்தான். டோபின் அவனோடு தோளோடு தோளாக ஒட்டி ஓடினான். "நில்லு! நில்லு! என் கையிலதான் இருக்கான்!" என்று கத்தினான்.

பெஞ்சிலிருந்து பார்த்த வெண்டலுக்கு டோபின் ஓரடி பின்தங்கியது போலத் தெரிந்தது. அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது.

"போ! ஹோபார்ட், போ!"

மூன்று வருடப் பழக்கம். டோபினுக்குப் பக்கத்துத் தடுப்பாட்டக்காரனான ஹோபார்ட் எந்தக் குரல், எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவே இல்லை. தன் ஆளை விட்டுவிட்டுப் பாய்ந்தான். பந்து அந்த ஆளுக்குப் போனது. கோல். சமநிலை.

ஹோபார்ட் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். "நில்லுன்னு சொன்னேன்லடா!" என்றான் டோபின். "போன்னுதான்டா கேட்டுச்சு!" என்றான் ஹோபார்ட். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

வெண்டலுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும். இவன் தன் வாயால் அணியையே கெடுத்தான்.

கோச் ப்ரண்டேஜ் வந்து நின்றார். அவர் கத்தவில்லை, அதுதான் கலக்கியது.

"வெண்டல், ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா?"

"இருக்காது கோச்."

"இன்னொரு தடவ உன் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, நேரா மேல கேலரிக்குப் போயி அப்பா அம்மாக்களோட உக்காந்து சாஸேஜ் தின்னுக்கிட்டிரு. கோட்டுக்குள்ள நிக்கிறவன் குரல்தான் குரல். புரியுதா?"

"புரியுது கோச். மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாத்துக்கலாம். இப்ப வாய மூடு."

மூடினான். ஜாக்கெட் கழுத்தை மூக்கு வரை இழுத்துவிட்டு, துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லீலண்ட் மாவுக்கட்டுக் கையால் அவன் முதுகில் ஒன்று வைத்தான். அன்பாகத்தான் வைத்தான், ஆனால் வலித்தது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு கோல். முழு நேரமும் முடிந்து ஆட்டம் சமநிலையில் நின்றது. இனிக் கூடுதல் நேரம். முதலில் யார் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி, அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். அதுவும் ஒரு ஃபேஸ்ஆஃபில்தான் தொடங்கும்.

"கடவுளே, இந்த ஒண்ணே ஒண்ண மட்டும் அந்தப் பயலுக்குக் குடு," என்றான் லீலண்ட். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

கார்வர் குந்தினான். விசில். இரண்டு மட்டைகளும் பந்தின் மேல் விழுந்தன, தோள்கள் முட்டின. ஒரு கணம் பந்து கார்வர் பக்கம் வந்தது போலிருந்தது, பெஞ்சே எழுந்துவிட்டது. பிறகு அது கில்போர்ன்காரனின் மட்டை வலைக்குள் இருந்தது.

"போச்சு," என்று உட்கார்ந்தான் லீலண்ட்.

கில்போர்ன் அவசரப்படவில்லை. களைத்தவர்களை இன்னும் களைக்க வைக்க அவர்களுக்கும் தெரியும். பந்தை இவனிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு என்று சுற்றவிட்டார்கள். டோபின் கத்திக்கொண்டே இருந்தான். தொண்டை கட்டிப் பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. "நில்லு... நில்லு... ஹோபார்ட், நீதான் முதல்ல..." சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் சரி. வெண்டல் துணியைக் கடித்தபடியே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

அப்போதுதான் அவனைப் பார்த்தான். தூரத்து மூலையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவன் போல நின்றிருந்த ஒரு கில்போர்ன்காரன். அவன் நடக்க ஆரம்பித்தான். ஓடவில்லை, பூனை போல நடந்தான், டோபினின் முதுகுக்குப் பின்னால், கோலை நோக்கி. டோபின் கண் பந்தின் மேல். ஹோபார்ட் கண்ணும் பந்தின் மேல். கோல் காப்பவனுக்கு முன்னால் நாலு பேர் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த மைதானத்தில் அவனைப் பார்த்தது வெண்டல் ஒருவன்தான்.

பின்னால பாரு. இரண்டே சொல். துணி வாயிலிருந்து நழுவியது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

கோச் இரண்டடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போன தடவையும் இதே போலத்தானே நிச்சயமாகத் தெரிந்தது? போன தடவையும் இவன் பார்த்ததுதான் சரி என்றுதானே கத்தினான்? இப்போது கத்தினால் டோபின் திரும்புவான், திரும்புகிற நேரம் பார்த்து பந்து வைத்திருப்பவன் அடித்துவிட்டால்? கத்தாவிட்டால்? ஒருவேளை டோபின் பார்த்திருப்பான். பார்த்திருக்க வேண்டும். அவன்தானே இப்போது குரல். பார்க்கட்டுமே.

பார்க்கட்டுமே. அந்தச் சொல் மனசுக்குள் எந்தத் தொனியில் வந்தது என்று வெண்டலுக்கே திக்கென்றது. அதற்குள் பந்து டோபினின் தலைக்கு மேல் பறந்தது. பின்னால் நின்றவன் நின்ற இடத்திலேயே வாங்கி, குனிந்து, கோலுக்குள் போட்டான்.

கில்போர்ன்காரர்கள் தலைக்கவசங்களை வானத்தில் எறிந்தார்கள். ஆல்டர்ஃபோர்ட் பையன்கள் அவரவர் இருந்த இடத்தில் சரிந்தார்கள். கார்வர் நடு மைதானத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழவே இல்லை. லீலண்ட் கட்டுக் கையோடு அவனிடம் ஓடினான்.

கை குலுக்கலெல்லாம் முடிந்த பிறகு டோபின் பெஞ்சுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்தான், குடிக்கவில்லை.

"மச்சி, அவன் என் பின்னால வந்தது இங்கேர்ந்து தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"தெரிஞ்சுது."

டோபின் அவனைப் பார்த்தான். "அப்புறம் ஏன்டா சொல்லல?"

"கோச் சத்தமே வரக் கூடாதுன்னுட்டாரு."

சொன்னது பொய்யில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாலு பேர் சாட்சி. வெண்டலுக்கு முகமெல்லாம் கொதித்தது. கோபப்படுடா, ஒரு அறை விடுடா என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

டோபின் பாட்டிலைப் பெஞ்சில் வைத்தான். பிறகு தலையாட்டினான். "ஆமால்ல. எனக்குத்தான் தோணியிருக்கணும். நீ எவ்வளவு துடிச்சிருப்ப, வாயக் கட்டிக்கிட்டு." தோளில் கை போட்டான். வேர்வையும் சேறுமாக அப்படியே சாய்ந்துகொண்டான். "சாரி மச்சி. உன் கடைசி ஆட்டத்தக் கெடுத்துட்டேன்."

வெண்டல் வாயைத் திறந்தான். கோச் மட்டும் காரணமில்லை என்று சொல்லாமல், ஜாக்கெட் கழுத்தை மறுபடி மூக்கு வரை இழுத்துக்கொண்டான்.

"வா," என்றான் டோபின், கீழே கிடந்த ஊன்றுகோலை எடுத்து நீட்டியபடி. "எங்க அம்மா கார் கிட்ட உனக்கும் சேத்துத் தட்டு எடுத்து வெச்சிருக்காங்களாம். ஆறிடும்."

ஒரு வாய்கூட உள்ளே இறங்காது என்று வெண்டலுக்குத் தெரியும். ஆனாலும் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு அவன் பின்னாலேயே போனான்.