நகர்ந்த கற்குவியல்

டன்வெல் ஊருக்கும் எல்ம்பரி ஊருக்கும் இடையே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லை நடை நடக்கும். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து காடு, சேறு பாராமல் எல்லையோடு நடப்பார்கள். சரிந்து கிடக்கும் கற்குவியல்களை நிமிர்த்தி, ஆளுக்கொரு கல்லைப் போட்டு, இதுதான் எல்லை என்று ஒத்துக்கொண்டு, ரம் குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டு, இனி நாமெல்லாம் ஒரே குடியரசு என்று மணியடித்துக் கொண்டாடிய அதே மாசசூசெட்ஸ்காரர்கள்தான். ஆனால் எங்கிருந்தோ வந்த ஏழை ஒருத்தி தங்கள் எல்லைக்குள் படுத்துவிட்டால் போதும், குடியரசெல்லாம் அப்புறம்.

மற்றவர்களுக்கு அந்த நாள் பாதித் திருவிழா. ஜேபஸ் ஹோல்ட் மட்டும் காலையிலிருந்து ரொட்டியைத் தொடவில்லை. ஓடைக்கரை மேட்டில் இருக்கும் குவியல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அதை நகர்த்தியவன் அவன்தான்.

போன எல்லை நடை முடிந்த வருஷத்து நவம்பரில் நடந்தது அது. இப்போது ஊர்ப் பெரியவர்களில் ஒருவனாக நடக்கிற ஜேபஸ் அன்றைக்கு டன்வெல்லின் கான்ஸ்டபிள். கெசையா என்ற பெண் சத்திரத்தில் நூல் நூற்றுப் பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை, வயிற்றில் பிள்ளை இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை எந்த ஊர் மண்ணில் பிறக்கிறதோ அந்த ஊர்தான் அதற்குக் கஞ்சி ஊற்றவேண்டும். அதனால் வலி வருவதற்கு முன்னால் அவளை எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வரச்சொல்லி ஊர்ப் பெரியவர்கள் உத்தரவு போட்டார்கள். ஜேபஸ் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அவளை ஏற்றிக்கொண்டு மழைத்தூறலில் கிளம்பினான்.

மேடு ஏறும்போது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. கற்குவியல் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அதற்கும் அப்பால் எல்ம்பரிக்காரர் சைலஸ் ரூட்டின் வீட்டுப் புகை தெரிந்தது. கெசையாவுக்கு வலி கண்டுவிட்டது.

"ஐயா, இதுக்கு மேல முடியாது. யாராச்சும் பொம்பளைங்களக் கூட்டிட்டு வாங்க."

கொஞ்சம் பொறு, எல்லையைத் தாண்டிவிடலாம் என்று சொல்லி அவன் மாட்டை அடித்தான். மாடு நகரவில்லை, பிள்ளையும் காத்திருக்கவில்லை. டன்வெல் மண்ணில், வண்டிக்குள்ளேயே பெண் குழந்தை பிறந்து வீரிட்டது. ஜேபஸ் தன் மேல்கோட்டைக் கழற்றித் தாயையும் பிள்ளையையும் போர்த்தினான். இதோ ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி இறங்கினான்.

இறங்கியவன் ஓடியிருக்கவேண்டும். அவன் கண் குவியலில் போய் விழுந்தது. பெரியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே நினைப்பில், முதல் கல்லைத் தூக்கி வண்டியைக் கடந்து டன்வெல் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தான். அப்புறம் அடுத்த கல். இடுப்பு உயரக் குவியல் அது. ஒவ்வொரு கல்லாக அவன் வண்டியைக் கடந்து சுமந்துபோவதை அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அடுப்பு கூட்டுறீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் ஜேபஸ்.

கடைசிக் கல்லையும் வைத்து, குவியலின் நடுவில் நிற்கும் அடையாளக் கம்பையும் நட்டுவிட்டுத்தான் அவன் சைலஸ் வீட்டுக்கு ஓடினான். சைலஸின் மனைவி லோயிஸ் வந்து பார்த்தபோது வைக்கோல் முழுக்க ரத்தம். பொழுது சாய்வதற்குள் கெசையா போய்விட்டாள். குழந்தை எல்ம்பரி எல்லைக்குள் பிறந்ததாகக் கணக்காகி, பிள்ளையில்லாத லோயிஸின் மடிக்குப் போனது. டார்க்கஸ் என்று பெயர் வைத்தாள். அடுத்த வருஷமே டன்வெல் ஜேபஸைப் பெரியவர்களில் ஒருவனாகத் தேர்ந்தெடுத்தது. காரியக்காரனாம்.

இப்போது பனி உருகிய சேற்றில் எல்லோரும் அந்த மேட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். டன்வெல் சபை மூப்பர் ஓபேத் வின்ச்தான் முதலில் நின்றார். அந்தச் சரிவு அவருடைய காடு. சர்க்கரை காய்ச்சும் மரப்பாலுக்காக, தரையெல்லாம் பனி மூடியிருக்கும்போதே அவர் வருஷாவருஷம் துளை போடும் மேப்பிள் மரம் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ஏன் சைலஸ், உங்க ஊர்க் கல்லுக்குக் கால் மொளச்சிருச்சா?" என்றார்.

தான் அதைத் தொடவே இல்லை என்றார் சைலஸ். தொடாமலா பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு மரம் சும்மா வந்து சேரும் என்று மூப்பர் மடக்கினார். எல்லைக் கல்லில் கை வைத்தவனுக்குக் கடவுளின் சாபம் உண்டு, இதைச் சபையிலும் சொல்வேன், கோர்ட்டுக்கும் போவேன் என்று குரலை உயர்த்தினார். சைலஸ் நாணயமான மனுஷன். வாதாடத் தெரியாது, முகம் சிவந்து நின்றார். எல்ம்பரி ஆட்களே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஜேபஸுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டால் சைலஸ் திருடன். வாயைத் திறந்தால் குழந்தை டன்வெல்லுக்குச் சொந்தம். டன்வெல் அதை லோயிஸிடமிருந்து பிடுங்கி, குறைந்த செலவில் யார் வளர்ப்பார்களோ அவர்கள் வீட்டில் தள்ளிவிடும். தாயைக் கொன்றது போதாதென்று பிள்ளையையும் பிடுங்கிக் கொடுக்கவா? ஆனால் சைலஸின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் நகத்துனேன் மூப்பரே" என்றான். "அந்தப் பிள்ள நம்ம பக்கத்துலதான் பொறந்துச்சு. அதனாலதான் கல்லத் தூக்கிட்டு வந்து இங்க போட்டேன்."

மூப்பர் மனசுக்குள் கூட்டிக் கழித்தார். குவியல் பழைய இடத்துக்குப் போனால் மரம் வரும். கூடவே பிள்ளையும் வரும். அவர் மரத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கும் வயசாச்சு. யோசிச்சுப் பாத்தா எங்கப்பா காலத்துலேயே இது இங்கதான் இருந்த மாதிரி தெரியுது. ஜேபஸுக்கு உடம்பு சரியில்ல போல."

ஒரு மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகவிருந்த மனுஷர் ஒரு பிள்ளையின் கஞ்சிக்குப் பயந்து மரத்தைத் தானம் செய்துவிட்டார். குனிந்து முதல் கல்லை எடுத்துக் குவியலில் போட்டதும் அவர்தான். மற்றவர்களும் போட்டார்கள். ரம் ஜாடி கைமாறியது. குழந்தை லோயிஸிடமே இருக்கும். இவ்வளவுதானா என்று ஜேபஸின் நெஞ்சு ஒரு கணம் லேசானது. அப்படி லேசானதற்காக அடுத்த கணமே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

சைலஸ் கல் போடவில்லை. மற்றவர்கள் ஓடைப்பக்கம் இறங்கியபிறகு கிட்டே வந்தார்.

"அப்போ நீ எங்க கதவத் தட்டுனது, இந்தக் கல்லெல்லாம் சுமந்து முடிச்சதுக்கு அப்புறமா?"

"ஆமா."

சைலஸ் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார்.

"அன்னைக்கு லோயிஸ் பூட்ஸத் தேடிட்டு நின்னா, உனக்கு ஞாபகம் இருக்கா? அந்தக் கொஞ்ச நேரம் தாமதிச்சதாலதான் அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அழுறா. பிள்ள முகத்தப் பாக்குறப்பல்லாம் அழுறா."

நாலு பேர் முன்னால் சொல்லத் துணிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஜேபஸுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பாவத்தை இத்தனை காலமாக வேறொருத்தி சுமந்துகொண்டிருக்கிறாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் சைலஸ். "நீயே வந்து சொல்லு."

ஓடைக்கரையிலிருந்து மூப்பர் ரம் குடிக்கக் கூப்பிட்டார். ஜேபஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மேப்பிள் மரத்தைத் தாண்டி, புகை தெரிந்த வீட்டை நோக்கி ஓட ஆரம்பித்தான். இந்த முறை வழியில் எங்கும் நிற்கவில்லை.