புதன்கிழமை ஷிப்ட்

வாய்க்கரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு தமிழ்செல்வி எழுந்தபோதுதான், கணவரோடு வேலை பார்த்த சிவராஜ் அதைச் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற கம்பெனி ஆள் இன்னொருவனிடம் சொன்னான்.

“நல்லவேள, இன்னிக்கி புதன்கிழமையா போச்சு. வீக்லி ஆஃப். இல்லாட்டி இத்தன பேரு வந்திருக்க முடியுமா?”

தமிழ்செல்வி அப்படியே நின்றாள். ஷாமியானாவுக்குக் கீழே நாற்பது பேருக்குக் குறையாமல் கம்பெனிக்காரர்கள். ஒருவர் உடம்பிலும் யூனிபார்ம் இல்லை.

“சிவராஜு, புதன்கிழமை உங்களுக்கு லீவா?”

“ஆமாங்க அண்ணி. நாலு வருசமா அப்பிடித்தான். கரண்ட்டுக்காக ஞாயித்துக்கிழமைய மாத்திட்டாங்கல்ல.” சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். உடனே தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

பெஞ்சில் ரத்தினவேல் குளிப்பாட்டிய உடம்போடு, புது வேட்டியில் கிடந்தார். நேற்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தவர்தான். போன புதன்கிழமைகூட நீல யூனிபார்மை மாட்டிக்கொண்டு, கேரியரில் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு போனார். லீவே தராத கம்பெனி என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி எத்தனை முறை திட்டியிருக்கிறாள். அவரும் கூடச் சேர்ந்து திட்டுவார். அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரிசியை மூடிய கையோடு திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த தம்பி கருப்பசாமி குனிந்தான். “யக்கா, போடுக்கா. வண்டிக்காரன் பன்னெண்டு மணிக்கு வேற எடத்துக்குப் போகணும்ங்கிறான்.”

“நிக்கட்டும்.”

“நீ போட்டாத்தான மத்தவுக போட முடியும்?”

“நிக்கட்டும்னு சொன்னேன்ல.”

அவர்கள் வகையறாவில் முதல் பிடி மனைவியுடையது. அள்ளிய அரிசியைத் திரும்ப முறத்தில் போடவும் கூடாது. வேறொருத்தி இருந்தாளா என்று தெரியாமல் இந்தக் கையைத் திறப்பதில்லை என்று தமிழ்செல்வி முடிவு கட்டிவிட்டாள்.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை யூனிபார்மைத் துவைக்க எடுத்தால் நூல் ஒட்டியிருக்கும். சிவப்பு, பச்சை, ஒரு தடவை ஜரிகைகூட. தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஜரிகைக்கு என்ன வேலை? மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் என்றார். அவளும் நம்பி, ஒவ்வொரு நூலாகக் கிள்ளி எடுத்துவிட்டு ஊறவைத்தாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு வருவதற்குள் வலதுகை விரல்கள் மேஜையில் தாளம்போல ஓடும். கண் எங்கேயோ இருக்கும். உதட்டோரம் லேசான சிரிப்பு. அந்தச் சிரிப்பை மட்டும் இத்தனை வருஷமும் எப்படித்தான் விட்டுவைத்தாள்!

மடியில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ‘ரேவதி டைலர்’. அவள் அறிந்து அந்தக் குடும்பத்துக்கு ரேவதி என்று ஒரு டைலர் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“என்ன சார், மணி பதினொண்ணு ஆவுது. கதவத் தொறந்து வச்சிக்கிட்டு உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.”

 தமிழ்செல்வி மிகவும் மரியாதையாகச் சொன்னாள். “அவரு வீட்லதான் இருக்காரு. நீங்க இங்க வாங்க. மூக்கண்டப்பள்ளி, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி தெரு.”

மகள் கவிப்ரியா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “யாரும்மா போன்ல?”

“உங்கப்பாவுக்கு வேண்டியவங்க.”

இருபது நிமிஷம் ஆயிற்று. தம்பி நான்கு முறை வந்து போனான். தமிழ்செல்வி ரத்தினவேலின் இடதுகையைப் பார்த்தபடி இருந்தாள். பிரஸ்ஸில் இரண்டு விரல் போன கை. அந்தக் கைக்கு மூன்று மாதம் சோறு பிசைந்து கொடுத்தவள் அவள். வருகிறவள் சின்ன வயதாக இருப்பாளா, சிவப்பாக இருப்பாளா, எலுமிச்சம்பழச் சோறு நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லியிருப்பாளா? இனி சண்டை போடவும் ஆளில்லை.

ஸ்கூட்டியில் வந்தவளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி, பாதி வெளுத்த சாயத் தலை. இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்து வந்திருந்தாள். ஷாமியானாவைப் பார்த்தவள் பெஞ்சைப் பார்த்தாள். பிறகு “அய்யோ சார்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழகில்லை என்பதால் தமிழ்செல்விக்குச் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை.

“எத்தன வருசமா?” என்று கேட்டாள்.

“நாலு வருசமாங்க.”

“ஒவ்வொரு புதன்கிழமையுமா?”

“ஆமாங்க. கடைக்குப் பின்னாடி ரூமுல. வந்ததும் ஆர்மோனியத்த எடுத்து வைப்பாரு.”

“என்னத்த?”

“ஆர்மோனியங்க. நான் பாடுவேன். நாராயணப்பன்னு ரிட்டையர்டு டிரைவரு, அவரு டோலக் அடிப்பாரு. மூணு பேருமே சுமாருதான். நாங்களே வாசிச்சு நாங்களே கேட்டுக்குவோம். ஒரு கை காத்தடிக்க, ஒரு கை வாசிக்க, எனக்குன்னே செஞ்ச பொட்டின்னு சொல்வாரு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

ஆர்மோனியம் நல்ல சாக்குதான் என்று தமிழ்செல்வி நினைத்தாள். கவிப்ரியாவின் காதுகுத்துக்கு மண்டபத்தில் அவர் அதை வாசித்தார். மூன்றாவது வரியில் கட்டை தவறியது. மறுபடி வாசித்தார், மறுபடியும் அதே இடத்தில் தவறியது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். “எந்திரிங்க, மானம் போகுது” என்று எல்லோர் முன்னாலும் பெட்டியை மூடியது அவள்தான். பிறகு அது லாஃப்ட்டில் கிடந்து, எலி கடித்து, பழைய இரும்புக்குப் போனது.

“அவருக்கு அது சரியா வராதே” என்றாள்.

“வராதுங்க” என்று ரேவதி உடனே ஒத்துக்கொண்டாள். “ஒரு எடத்துல எப்பவும் விட்டுடுவாரு. போன வாரம்கூட. போன்ல பிடிச்சு வச்சிருக்கேன்.”

“குடுங்க.”

தமிழ்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரியும் போயிற்று. மூன்றாவது வரியில், மண்டபத்தில் தவறிய அதே இடத்தில், கட்டை தவறியது. பாட்டு நின்றது. ரத்தினவேல் சிரித்தார். மூச்சு முட்ட, இருமல் வரும்வரை சிரித்தார். “மொதல்லேர்ந்து, மொதல்லேர்ந்து” என்றார்.

அவள் திரும்பவும் அந்த இடத்துக்கு வைத்துக் கேட்டாள்.

“யக்கா” என்றான் தம்பி.

தமிழ்செல்வி எழுந்து பெஞ்சருகே போனாள். கையை விரித்தாள். வியர்வையில் அரிசி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. மற்ற கை விரலால் வழித்து வழித்து அவர் வாயில் இட்டாள். பிறகு நகர்ந்து நின்று, “நீங்களும் போடுங்க” என்றாள் ரேவதியிடம்.

சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேவதி முறத்திலிருந்து அள்ளிக் குனிந்தாள். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த சிவப்பு நூல் ஒன்று ரத்தினவேலின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

கிள்ளி எடுக்கத் தமிழ்செல்வியின் கை தானாக நீண்டது. நூலுக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வந்துவிட்டது.

வண்டியில் ஏற்றும்போதும் நூல் அங்கேயே இருந்தது.