கழுவிக் கவிழ்த்த இரண்டு கிண்ணங்கள்

பின்கட்டுத் திட்டில் நாய்களின் கிண்ணங்கள் இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விளிம்பிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பல் துலக்கிக்கொண்டே வந்த நாய்ப் பயிற்சிக்காரி அப்படியே நின்றுவிட்டாள். மணி ஆறுகூட ஆகவில்லை.

வேலைக்குப் போகிற நாளில் நாய்களுக்குக் காலைச் சாப்பாடு கிடையாது. வயிறு நிறைந்த நாய் மோப்பம் பிடிக்காது, நிழலைத் தேடிப் படுக்கப் பார்க்கும். அந்த வீட்டில் இந்தச் சட்டத்தை அவளைவிடக் கறாராகக் காப்பாற்றி வந்தவர் அவளுடைய அப்பாதான். ஒருமுறை அவள் மனசு கேட்காமல் அரை பிஸ்கட் போட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அதுங்களுக்குப் போட்டீங்களா?"

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பசியோட பாத்துச்சுங்க. போட்டேன்."

"இன்னிக்கு மரக்கிடங்குல வேலை இருக்குன்னு நேத்தே சொன்னேனே."

"வயசாச்சுல்ல. மறந்துட்டேன்."

மறக்கிற ஆளா அவர்? பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன ஏணி இன்னும் திரும்பி வரவில்லை என்று வாரம் ஒருதரம் ஞாபகப்படுத்துகிறவர். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனாள்.

நேற்று சாயங்காலம் போனில் போலீஸ் அதிகாரி இடத்தைச் சொன்னபோதே அவள் சொல்லியிருக்க வேண்டும். பழைய மரக்கிடங்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் வீடு திரும்பவில்லை. காலையில் அந்தப் பெண் உள்ளே போனதைப் பார்த்தவர்கள் பலர். சாயங்காலம் வெளியே போனதைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருத்தர், அங்கே காவலாளியாக இருந்தவர். 'ஆறு மணிக்குப் போயிட்டாங்க, நான்தான் கேட்டைத் திறந்து விட்டேன்' என்று அவர் எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் போலீஸ் ஊரெல்லாம் தேடியது, கிடங்குக்குள் மட்டும் தேடவில்லை. அந்தக் காவலாளிதான் அப்பா. அப்போது பயிற்சிக்காரிக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவின் அறைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இதெல்லாம் அதிகாரிக்குத் தெரியாது. அவர் சின்ன வயசுக்காரர், கேஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "சரிங்க சார், வந்துடறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். எதற்கும் சரி சொல்லிவிடும் அந்தப் பழக்கதோஷத்தை நினைத்து ராத்திரி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

தள்ளிப்போடவும் வழியில்லை. நாளைக் காலை அங்கே கட்டட வேலை ஆரம்பிக்கிறது. காங்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த நாயாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவள் நாய்கள் இரண்டும் புதைந்த மனித எலும்பை மோப்பம் பிடிக்கப் பழகியவை. மூத்தது டீச்சர். யார் வீட்டுக்குள் வந்தாலும் நேரம் கழித்து வகுப்புக்கு வந்த பையனைப் பார்ப்பதுபோலப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். இளையது தபால். செருப்பு, துடைப்பம், எதிர்வீட்டு ஈரத்துணி எதுவானாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அதற்குத் தூக்கம் வரும். கிளம்பும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தாள். தபால் தன் பங்குச் சாப்பாட்டை வழக்கம்போல அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தது, தின்னவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிடங்கில் கூரை இல்லை. இடுப்பு உயரத்துக்குப் புதர். அதிகாரி நிலத்தைக் கயிறு கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு வயதான பெண்மணி கறுப்புக் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள். காணாமல் போனவளின் அக்கா.

"எங்களுக்கு எந்த இடத்துல சந்தேகம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் அதிகாரி. "உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்காமே."

"ஆமா சார்." நாயைப் பிடித்திருப்பவருக்கு இடம் தெரிந்தால் நாய்க்கும் தெரிந்துவிடும். மனசில் இருப்பது கை வழியாகக் கயிற்றுக்குப் போகும், கயிற்றிலிருந்து கழுத்துக்குப் போகும். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

டீச்சரை முதலில் நீளக் கயிற்றோடு இறக்கினாள். கழுத்தில் மணி கட்டினாள். புதருக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது, மணிச் சத்தத்தை வைத்துத்தான் பின்தொடர வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் நாய் உட்கார்ந்துவிடும், மணி நின்றுவிடும். சாப்பிட்ட மதப்பில் டீச்சர் மெதுவாகத்தான் நடந்தது. எட்டுக் கட்டம் ஒன்றுமில்லாமல் கடந்தது. ஒன்பதாவது கட்டத்தில் ஒரு சிமெண்டுத் தரை மட்டும் மிச்சமிருந்தது. அந்தத் தரையை அவளுக்குத் தெரியும். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது, அப்பாவின் சட்டை எந்த ஆணியில் தொங்கியது எல்லாம் தெரியும். அறையின் பின்பக்கம் வந்ததும் டீச்சரின் நடை தளர்ந்தது. மூக்கைத் தரையோடு வைத்து ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

அவள் கை கயிற்றை இழுத்துவிட்டது. ஒரு விரற்கடைதான் இருக்கும். வேண்டுமென்று இழுக்கவில்லை. டீச்சர் ஒரு கணம் யோசித்துவிட்டு மேலே நடந்தது.

"ஒண்ணுமில்ல?" என்று கேட்டார் அதிகாரி.

"இல்ல" என்றாள். அதிகாரி தாளில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டார்.

டீச்சரை வண்டியில் ஏற்றித் தண்ணீர் வைத்தாள். அக்கா கிட்டே வந்து பையிலிருந்து ஒரு தலை ரிப்பனை எடுத்து நீட்டினாள். சாயம் போயிருந்தது.

"இது அவளோடதும்மா. மோந்து பாக்க உதவுமா?"

"வேண்டாங்கம்மா. துணியை மோந்து ஆளைத் தேடறது வேற மாதிரி நாய்ங்க."

"ஓ." ரிப்பனை மடித்துப் பத்திரமாக உள்ளே வைத்தாள். "எல்லாரும் வீட்டை மாத்தச் சொல்றாங்க. படி ஏற முடியல. ஆனா அவ வந்தா வழி தெரியணுமேன்னு அங்கேயே இருக்கேன். இல்லன்னு தெரிஞ்சுட்டா மாத்திடுவேன்."

அந்த நேரம் பார்த்துப் பயிற்சிக்காரியின் போன் அடித்தது. அப்பா. வண்டிக்குப் பின்னால் போய் எடுத்தாள்.

"முடிஞ்சுதா பாப்பா?"

"இன்னும் இல்லப்பா."

"ரூமுக்குப் பின்னாடி போனீங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எதுக்குப்பா காலைல சாப்பாடு போட்டீங்க?"

"நீ இன்னிக்குப் போகாம இருந்துடுவேன்னு நெனச்சேன்."

"என்ன நடந்துச்சுப்பா?"

"ஓனர் சொன்னதைத்தாம்மா எழுதிக் குடுத்தேன்" என்றார். போனை அவர் வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள். கோபமாக வந்தது. கிடங்கு ஓனர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. செத்தவர் தலையில் எதை வேண்டுமானாலும் போடலாம். அவர் சொல்வது நிஜமாகவும் இருக்கலாம். எட்டு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிவிட்டு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்த அப்பாதான் இவர். அந்த வாரமும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்.

அதிகாரியிடம் நேரே போனாள்.

"சார், ஒம்போதாவது கட்டத்தை மறுபடி பாக்கணும். நாய் நின்னுச்சு. நான்தான் இழுத்துட்டேன்."

"ஏன்?"

"கோப்புல இருக்கற வாட்ச்மேன் எங்க அப்பா."

அதிகாரியின் முகம் இறுகியது. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "இதை நேத்தே சொல்லியிருக்கணும் நீங்க."

"சொல்லியிருக்கணும் சார். தப்புதான். இப்ப தபாலை விடறேன். அது சாப்பிடல. கயிறு வேண்டாம். நீங்க பாத்துக்குங்க, நான் அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேன். என் மூஞ்சி அதுக்குத் தெரியக் கூடாது."

அவர் அடித்த கட்டத்தைத் தாளில் திரும்ப வட்டமிட்டார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

தபாலின் கழுத்தில் மணியைக் கட்டினாள். கயிற்றைக் கழற்றினாள். காதோரம் தடவிக்கொடுத்து, எப்போதும் சொல்கிற ஒற்றைச் சொல்லைச் சொன்னாள்: "தேடு." அது பாய்ந்து ஓடியதும் திரும்பி கேட்டைப் பார்த்து நின்றுகொண்டாள்.

எதிரே அக்கா. குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பயிற்சிக்காரியின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் மணி குலுங்கிக் குலுங்கித் தூரம் போனது. இடப்பக்கம் திரும்பியது. வந்த வழியே கொஞ்சம் வந்தது. இது தபால், எதையாவது கவ்விக்கொண்டு ஓடி வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. மணி நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தபடி அப்படி வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மணி மெதுவானது. இரண்டு முறை தனித்தனியாக ஒலித்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் திரும்பவில்லை. எதிரே கறுப்புக் குடை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தரையைத் தொட்டது. நல்ல வெயில் அந்த அம்மாவின் நரைத்த தலையில் விழுந்தது.