திரைக்குப் பின்னால் ஒரு மூக்கு

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாகப் பிறந்தது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்காக ‘நாட்பட்ட பீனிசமும் பக்டீரியாவும்’* என்று இரண்டு பக்கம் எழுதித் தரக் கேட்டார்கள். நான் அம்பிட்டியவில் இருந்துகொண்டு சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கிப் பிழைப்பவள். மூக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது முகத்தின் நடுவில் இருக்கிறது என்பதுதான்.

முதல் தொடக்கம்: நமது மூக்கினுள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அமைதியாக வாழ்ந்து—

ஆள் கணக்கெடுக்கும் குடிசன மதிப்பீட்டுப் படிவம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: நான் ஒரு பக்டீரியா. என் பெயர் ஸ்டெபிலோகொக்கஸ்—

பெயரை எழுதி முடிப்பதற்குள் அதன் மேல் இருந்த அனுதாபம் போய்விட்டது.

கொஞ்சம் விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று மூக்கு கிளினிக்குக்குப் போனேன். பக்கத்துக் கதிரையில் நபீல் உட்கார்ந்திருந்தார். பிரசுரம் அன்றோடு முடிந்தது.

(* பீனிசம் என்பது தீராத மூக்கடைப்பு. பள்ளிப் புத்தகத்தில் பற்றீரியா, ஆஸ்பத்திரியில் பக்டீரியா. நபீல் ‘அந்தச் சாமான்’ என்கிறார்.)

2

நபீலுக்கு ஐம்பத்து நான்கு வயது. கலகெதரையில் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு கைப்பிடிக் கராம்பை முகர்ந்தால் போதும், மழையில் நனைந்து காய்ந்ததா, பூஞ்சணம் பிடித்ததா என்று சொல்லிவிடுவார். அந்தப் பேருக்காகவே தூரத்திலிருந்தும் மூட்டை கொண்டுவருவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அவர் மூக்கு அடைக்கத் தொடங்கியது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பிறகு ஒரு காலை, கடையில் கராம்பு மூட்டை திறந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்; மணமே வரவில்லை.

[இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. வாசனைச் சாமான் விற்பவருக்கு மோப்பம் போவது கதை எழுதுகிறவளுக்கு ரொம்ப வசதி. அவரிடமே சொன்னேன். “அப்ப எனக்கு மூட்டுவலி எண்டு எழுதுங்க மிஸ்” என்றார்.]

மனைவி ருஷ்தாவிடம் மட்டும் சொன்னார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே பூப்போட்ட ஒரு திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் ருஷ்தா ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். நபீல் மூட்டையில் ஒரு பிடி அள்ளி, யோசிப்பவர் போலக் கூரையைப் பார்த்தபடி, கையை முதுகுக்குப் பின்னால் திரைக்குள் விடுவார். அவள் முகர்ந்துவிட்டு அவர் உள்ளங்கையில் விரலால் தட்டுவாள். நல்லதென்றால் ஒன்று, பூஞ்சணம் என்றால் இரண்டு.

நாலைந்து மாதத்தில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. நபீல் இப்போது மூக்கை நம்புவதில்லையாம், சரக்கை முதுகுப் பக்கம் வைத்தே தரம் பார்க்கிறாராம். எதிர்க்கடைக்காரர் அதை மூன்று நாள் கவனித்தார். நாலாம் நாள் அவரும் மிளகை அள்ளி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தது சுவர்.

(இதை நான் இட்டுக்கட்டவில்லை. மற்றக் கடைகளுக்கும் அந்தப் பழக்கம் பரவியது என்று எழுதி, அடித்துவிட்டேன். ஒரு கடை போதும்.)

3

போன வருடம் ருஷ்தா மகளின் பேறுகாலத்துக்கு நாவலப்பிட்டிக்குப் போனாள். போகுமுன் கடையை மூடிவைக்கச் சொல்லியிருந்தாள். நபீல் மூடவில்லை. முத்துலிங்கம் என்பவர் பன்விலப் பக்கத்திலிருந்து மூன்று மூட்டை கராம்பு கொண்டுவந்தார். நபீல் வழக்கப்படி கையைத் திரைக்குள் விட்டார். யாரும் தட்டவில்லை. சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று, “நல்ல சரக்கு” என்று சொல்லி வாங்கிவிட்டார். அவர் கொழும்புக்கு அனுப்பிய அந்த மூட்டைகளைத் திறந்தவர்கள் பூஞ்சணத்தில் தும்மினார்களாம். மூன்றும் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

டொக்டர் அம்மா சொன்னதை அவர் எனக்கு அப்படியே சொன்னார். பிரசுரத்துக்கு நான் தேடிப்போன விஷயமும் அதுதான். சுகமாக இருக்கிற பலருடைய மூக்கிலும் அந்தப் பக்டீரியா இருக்கிறது. சிலரிடத்தில் மட்டும் அது பசை போல ஒரு படலம் கட்டி உட்கார்ந்துவிடும். மருந்து அதற்குள் இலேசில் நுழையாது. அது விடும் நஞ்சைக் கண்டு உடம்பு தேவைக்கு மேல் கோபப்படும். கோபம் தணியாமல் உள்தோல் வீங்கி, திராட்சைக் குலை போலச் சதையாகத் தொங்கும். ஆனால் அந்தப் பக்டீரியாதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்ததா, ஏற்கெனவே வீங்கிய மூக்கைக் கண்டு குடிவந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி.

நபீலுக்கு இதுதான் பெரிய வருத்தம். நான்கு வருடம் தன்னைக் கெடுத்தவனின் பெயர் தெரிந்திருந்தும் குற்றம் சுமத்த முடியவில்லை.

4

சத்திரசிகிச்சையில் சதையை எடுத்தார்கள். உப்புத் தண்ணீரால் கழுவவும் மூக்கில் மருந்து அடிக்கவும் சொன்னார்கள். மூன்றாம் வாரம், கலகெதர பஸ்ஸில் அவருக்கு மணம் திரும்பியது. முன் சீட்டுக்காரரின் தலை எண்ணெய் மணம். நபீல் அந்தத் தலையை நோக்கிக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தபடியே வந்தார். அந்த மனிதர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

ருஷ்தாவிடம் சொல்ல ஓடினார். கடையில் ஒருவர் மூட்டையோடு காத்திருந்தார். நபீல் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். முதல்தரம். பழக்கத்தில் கை திரைக்குள் போனது. இரண்டு தட்டு. மறுபடி முகர்ந்தார். முதல்தரமேதான். ஒரு கராம்பின் தலையை நகத்தால் பிளந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாக நூல் போலப் பூஞ்சணம்.

அன்று பின்னேரம் ருஷ்தா, மணம் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கிளினிக்கில் அவரைக் கேட்டேன்.

“வந்திட்டுது எண்டா அவ எழும்பிச் சமைக்கக் குசினிக்குப் போயிருவா மிஸ். என்ட மூக்கவிட அவட மூக்கு நல்லம். முன்னுக்கு வந்து இரிங்க எண்டு சொல்ல எனக்கு வெக்கமா ஈக்குது. நாலு வருஷமா என்ட பேர்ல இருந்த மூக்கு அது.”

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பொய்க் காரணம் வைத்துக்கொண்டு நான் கலகெதரைக்குப் போனேன். நபீல் தொழுகைக்குப் போயிருந்தார். ருஷ்தா என்னைத் திரைக்கு உள்ளே கூட்டிப்போனாள். கதிரையில் மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

“அவருக்கு மணம் வந்து கன நாள்” என்றாள். “கருவாடு பொரிக்கக்குள்ள மொகத்தச் சுளிச்சார். நான் காணாத மாதிரி இருந்தன்.”

ஏன் கேட்கவில்லை என்றேன். அவள் மடியிலிருந்த சாதிக்காய்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டா ஓம் எண்டுவார். பொறகு இந்தக் கதிரய எடுத்திருவார். எனக்கு இந்த வேல விருப்பம்.”

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் நபீல் திரையைக் கழற்றுகிறார், ருஷ்தா முன்னால் வந்து உட்கார்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியதால் கிழித்தேன்.

இரண்டாவதில் சதை மறுபடி வளர்கிறது. பலருக்கு அப்படி வளரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பொய் உண்மையாகிவிடுகிறது, இருவருக்கும் நிம்மதி. இதில் பக்டீரியா கதாநாயகனாகி—

மூன்றாவதில் ஒன்றுமே நடப்பதில்லை. அவர் கை பின்னால் போகிறது, அவள் தட்டுகிறாள். இப்போதைக்கு இதுதான் உண்மை.

நேற்று நபீல் தொலைபேசியில், எழுதியதை அனுப்பச் சொன்னார். ஒரு பிரதிதான் எடுத்திருக்கிறேன். அவர் வாசித்தால் அவள் சொன்னது தெரிந்துவிடும். அவள் வாசித்தால் அவர் சொன்னது. ஆளுக்கு ஒன்று அனுப்ப எனக்குத் தைரியமில்லை.

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். கடை விலாசம் எழுதியாயிற்று. மேலே பெயருக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். நபீலா, ருஷ்தாவா? தபால் கந்தோர் மூட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. இந்தாருங்கள், பேனாவைப் பிடியுங்கள்.